கடைக் கணக்கும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

பேரேடு கடையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது நம் கடைத் தெருக்களில் எழுதாத சட்டமாக இருந்தது. இரவு கடை சாத்தும்போது குறிப்பேடும் பேரேடும் இரும்புப் பெட்டிக்குள் போகும். சாவி முதலாளியின் மடியில் போகும். கணக்குப்பிள்ளைக்கு வேலை மிச்சமிருந்தால் கடையிலேயே இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்வாரே தவிர, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். கிளம்பினாலும் முதலாளி விட மாட்டார்.

இன்று அதே பேரேடு, கட்டைவிரல் அளவுள்ள பென் டிரைவில் ஏறிக் கணக்கரின் சட்டைப் பையில் வீட்டுக்குப் போய் வருகிறது. நம்மில் பலர் அதைக் கவனிப்பது கூட இல்லை.

இந்தப் பழக்கம் பெருகியது 2020இல். மார்ச் 24ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது மளிகைக் கடைகளைத் திறக்க அனுமதி இருந்தது, பஸ் ஓடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து வரும் கணக்கர் வர முடியவில்லை. சரக்கு வந்தது, விற்றது, பில் போட்டாக வேண்டும், கணக்கு எழுதியாக வேண்டும். வேறு வழியின்றிக் கணக்கு அவர் வீட்டுக்குப் போனது. ஊரடங்கு முடிந்து கடைத் தெரு பழையபடி ஆனது. ஆனால் பல கடைகளின் கணக்கு முழுதாகத் திரும்பி வரவில்லை. பகலில் கடைக்கு வந்துவிட்டு மிச்ச வேலையை இரவில் வீட்டில் முடிக்கும் கணக்கர்கள் இருக்கிறார்கள். கடைக்கே வராமல் மூன்று நான்கு கடைகளின் கணக்கை வீட்டிலிருந்து எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். முதலாளியே சாப்பிட்டுவிட்டுப் பிள்ளையின் கல்லூரி லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டு பில்களைப் பதிவதும் உண்டு.

வீட்டிலிருந்து வேலை செய்வதில் குற்றமில்லை. செய்கிற கம்ப்யூட்டர் கடையுடையதா, வீட்டுடையதா என்பதைத்தான் நாம் கேட்டுக்கொள்ள மறந்துவிட்டோம். மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த ஒரு கடையில் நடந்ததைச் சொல்கிறோம்.

அவர் பருப்பு, மிளகாய், மல்லி மொத்த வியாபாரி. கடையில் ஒரு கம்ப்யூட்டர், அதில் டாலி. கணக்கர் நம்பிக்கையானவர், பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே வேலை. தீபாவளிக்கு முந்தின மாதம், வேலை மலைபோல் குவிந்திருந்தது. சனிக்கிழமை இரவு கணக்கர் டாலியில் பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனார். ஞாயிறு முழுவதும் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கொள்முதல் பில்களை எல்லாம் பதிவு செய்தார். முதலாளி சொல்லிச் செய்ததில்லை. பாரம் குறையட்டும் என்று தாமாகச் செய்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தீபாவளி வியாபாரத்துக்காகக் கடையைத் திறந்தார்கள். முதலாளியின் மகன் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டார். நாற்பதுக்கு மேல் பில். கணக்கருக்கு அது தெரியாது. திங்கட்கிழமை காலை வந்தவர், வீட்டில் செய்த வேலை கடைக் கம்ப்யூட்டரில் ஏற வேண்டுமே என்று பென் டிரைவிலிருந்ததை அதன் மேல் ‘ரீஸ்டோர்’ செய்தார். சனிக்கிழமை இரவு வரையுள்ள விற்பனையும் அவர் பதிந்த கொள்முதலும் வந்தன. ஞாயிறு பில்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. கம்ப்யூட்டர் கூச்சல் போடாது. அடுத்த பில்லுக்கு எண் கொடுத்தது. அது ஞாயிற்றுக்கிழமை ஏற்கெனவே ஒருவருக்குப் போய்விட்ட எண்.

விஷயம் வெளியே வர ஒரு மாதம் ஆயிற்று. 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போட்டார்கள். 14ஆம் தேதி வாங்கியவர்களுக்கு 2பி வந்தது. அதற்கு மறுநாள் ஒரு சில்லறைக் கடைக்காரர் போன் செய்தார். “அண்ணாச்சி, உங்க பில் என் 2பியிலே வரலையே. வரியை நான் எப்படிக் கழிக்கிறது?” அடுத்து இன்னொருவர். பழைய பில் நகல் கட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் ஒரே எண்ணில் இரண்டு பில்கள், இரண்டு பேருக்கு, இரண்டு தொகைக்குப் போயிருப்பது தெரிந்தது. ஒரு நிதியாண்டில் ஒரு பில் எண் ஒருமுறைதான் வரலாம் என்பது ஜிஎஸ்டி விதி. ஆடிட்டரைக் கேட்டு ஞாயிறு பில்களுக்கு வேறு எண் போட்டு, வாங்கியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விளக்கி, பழைய பில்லைத் திரும்ப வாங்கி, அடுத்த மாத ரிட்டர்னில் சேர்த்து, விட்டுப்போன வரியை வட்டியுடன் கட்டி முடிக்க டிசம்பர் ஆகிவிட்டது. ரொக்க பில்களைப் பிடித்தார்கள். கடன் பில்களில் இரண்டு மூன்று பார்ட்டிகளின் நிலுவை கடைசி வரை சரியாக ஒட்டவில்லை. வந்த வரை வாங்கிக்கொண்டு தள்ளுபடி எழுதினார்.

யாரும் திருடவில்லை, வைரஸ் எதுவும் வரவில்லை, கம்ப்யூட்டர் கெட்டுப்போகவும் இல்லை. இரண்டு இடத்தில் இரண்டு பேரேடு இருந்தது, எது அசல் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த முதலாளி கணக்கரை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் வேறு என்னென்ன இருக்கும்?

வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் வீட்டிலுள்ள எல்லாருடையதும். பையன் விளையாட்டு இறக்குவான். பெண் புராஜெக்ட் செய்வாள். யாரோ ஓசியில் சினிமா இறக்குவார்கள். நம் தமிழகத்தில் 2011இல் தொடங்கி அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. படிப்பு முடிந்த பிறகு அவற்றில் எத்தனையோ நம் வீடுகளில் கணக்குக் கம்ப்யூட்டராக இரண்டாம் வாழ்வு வாழ்ந்தன. தவறென்று சொல்ல மாட்டோம், அந்த நேரத்துக்கு உதவின. ஆனால் விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கான பொதுவான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. பூட்டு பழசாகிவிட்டது, புதுச் சாவி திருடனிடம் இருக்கிறது என்கிற நிலை.

2017 மே 12ஆம் தேதி ‘வானாக்ரை’ என்ற வைரஸ் உலகமெங்கும் பரவியது நினைவிருக்கலாம். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் பல முடங்கின. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலரை பிட்காயினில் கட்டு என்று திரையில் எழுதிக் காட்டியது. அதற்கான தடுப்பை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்களே மாட்டின. கடைக் கம்ப்யூட்டருக்கு அந்தத் திருத்தம் போட்டிருக்கிறதா என்று நாம் கேட்டு வாங்கலாம். கணக்கரின் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

டாலி விஷயமும் இதில் சேரும். ஒருவர் பயன்படுத்தும் லைசென்ஸ் ஒரு கம்ப்யூட்டருக்குத்தான். கடையில் அது இருக்க, வீட்டுக் கம்ப்யூட்டரில் எதில் பதிகிறார்கள்? பல இடங்களில் யாரோ கொடுத்த திருட்டுப் பிரதி. அப்படிப் பூட்டு உடைத்த மென்பொருள்களோடு சேர்ந்தே வைரஸ் வருவது சாதாரணம். அதிலிருந்து பென் டிரைவ் மறுநாள் காலை நேரே நம் கடைக் கம்ப்யூட்டருக்குள் போகிறது.

பாஸ்வேர்டு எங்கே தங்குகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் நுழையும்போது ‘பாஸ்வேர்டை நினைவில் வைக்கவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கும். கணக்கர் ‘சரி’ என்பார், வேலை சுலபம். அவர் தம் சொந்த கூகுள் கணக்கில் நுழைந்திருந்தால் அந்தப் பாஸ்வேர்டு அந்தக் கம்ப்யூட்டரோடு நிற்பதில்லை. அவருடைய போன், வீட்டில் உள்ள இன்னொரு கம்ப்யூட்டர் என அவர் கணக்கு திறக்கும் இடமெல்லாம் கூடவே போகும். நெட் பேங்கிங் பாஸ்வேர்டுக்கும் இதே கதிதான்.

ரகசியம் என்று நமக்கு ஒன்று உண்டா?

மருந்து கம்பெனிக்கும் ராணுவத்துக்கும்தான் ரகசியம், மளிகைக்கு என்ன ரகசியம் என்று நம்மில் சிலர் சிரிப்பார்கள். கொள்முதல் விலை ரகசியமில்லையா? யாருக்கு மூட்டைக்கு எவ்வளவு குறைத்துக் கொடுக்கிறோம், எந்தக் கடைக்கு எத்தனை நாள் கடன், எந்தப் பார்ட்டி தவணை தவறுகிறார் என்பவை பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்தால் நாம் சும்மா இருப்போமா? தெருவில் போட்டி போடும் இரண்டு கடைகளின் கணக்கும் ஒரே பகுதிநேரக் கணக்கரின் வீட்டுக் கம்ப்யூட்டரில், அடுத்தடுத்த ஃபோல்டரில் இருப்பது பல ஊர்களில் நடக்கிற காரியம். அந்தக் கணக்கர் யோக்கியராகவே இருப்பார். ஆனால் இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருவருடைய நிலுவைப் பட்டியலை இன்னொருவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட ஒரு நொடி போதும். அனுப்பிவிட்டு அழிக்கலாம், அதற்குள் அவர் பார்த்துவிட்டால் அழித்து என்ன பயன்?

டாலியில் ‘டாலி வால்ட்’ என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டால் பாஸ்வேர்டு இல்லாமல் கம்பெனியின் பெயர் கூடத் தெரியாது. பென் டிரைவ் பஸ்ஸில் தொலைந்தாலும் எடுத்தவர் திறக்க முடியாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் நாமும் திறக்க முடியாது. கணக்கர் மட்டும் அறிந்த பாஸ்வேர்டாக அது இருக்கவே கூடாது. ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். பெட்டிக்கு இன்னும் ஒரு வேலை இருக்கிறது பாருங்கள்.

சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. ஜிஎஸ்டி சட்டத்தின் 35ஆம் பிரிவு, கணக்குகளைப் பதிவுச் சான்றில் உள்ள முக்கிய வணிக இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கம்ப்யூட்டரில் வைக்கலாம், ஆனால் முறையான பேக்கப் வேண்டும் என்று விதி சொல்கிறது. 36ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். அதிகாரி கடைக்கு வந்து கேட்கும்போது, ‘கணக்கர் வீட்டில் இருக்கிறது, அவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்’ என்று சொல்வது அழகாக இருக்காது. நான்கு வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவரின் பழைய கம்ப்யூட்டரோடு ஒரு வருடக் கணக்கும் காயலான் கடைக்குப் போயிருந்தால், பொறுப்பு அவருடையது ஆகாது, நம்முடையதே.

கணக்கரின் கட்சி

இவ்வளவும் முதலாளி பக்கம். கணக்கர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். அவருடைய கம்ப்யூட்டர், அவருடைய கரண்டு, அவருடைய இன்டர்நெட். நம் வேலை செய்யும்போது அது பழுதானால் ஹார்ட் டிஸ்க் மாற்றும் செலவை யார் தருகிறார்? பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதில்லை. வேலையை விட்டு நிற்கும்போது மட்டும், ‘எங்கள் கணக்கை எல்லாம் அழித்துவிட்டாயா, காட்டு’ என்கிறோம். அதே கம்ப்யூட்டரில் அவர் குடும்பப் படங்கள் இருக்கும், அவர் சொந்தக் கடன் கணக்கு இருக்கும். அதைத் திறந்து காட்டச் சொல்வது ஒருவர் வீட்டு அலமாரியைத் திறக்கச் சொல்வது போலத்தான். காட்டாவிட்டால் சந்தேகம், காட்டினால் அவமானம்.

கடையே ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தால் இந்தச் சங்கடம் இரண்டு பக்கமும் இல்லை. வேலையை விட்டுப் போகிற நாளில் பையை மேசை மேல் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அதை வாங்கிக்கொள்பவரும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: அது கடையின் பொருள். அதில் தம் வங்கிக் கணக்கைத் திறப்பது, பிள்ளைக்கு விளையாடக் கொடுப்பது, குடும்பப் படங்களைச் சேர்த்து வைப்பது எல்லாம் அவருக்கே நல்லதில்லை. நாளை அதை இன்னொருவர் திறப்பார். முதலாளிகளுக்கும் ஒன்று சொல்வோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். லேப்டாப் கொடுத்துவிட்டோம் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்து பார்ட்டி பாக்கி எவ்வளவு என்று கேட்பது முறையில்லை.

செலவு எவ்வளவு?

பில் போடவும் டாலிக்கும் விலை உயர்ந்த லேப்டாப் தேவையில்லை. 35,000 ரூபாய் விலையுள்ளது ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி 6,300 சேர்த்து 41,300 ஆகும். கடையின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணுடன் பில் வாங்கினால், கடை வேலைக்கு மட்டும் பயன்படுத்தும்பட்சத்தில் அந்த 6,300ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். மகன் பெயரில் பில் போட்டால் கிடையாது. காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கும் கிடையாது. நம் சிறு கடைக்காரர்களில் அவர்கள் நிறையப் பேர், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். 35,000க்கு முதல் வருடம் 14,000. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி, 7,000. ஆகவே வாங்குகிறவர்கள் செப்டம்பர் முடிவதற்குள் வாங்கிப் பயன்படுத்தத் தொடங்குவது லாபம். விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி வரி கட்டுபவர்கள் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது.

லேப்டாப் வாங்கும் அளவுக்குக் கடை இல்லையா? இன்னொரு வழி இருக்கிறது. பேரேட்டைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு, கணக்கர் தம் வீட்டிலிருந்து அதற்குள் இன்டர்நெட் வழியாக நுழைந்து வேலை செய்யலாம். விண்டோஸில் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்று பெயர். அவர் திரையில் தெரிவது நம் கடைக் கம்ப்யூட்டரின் முகம். பதிவாவதும் நம் கடைக் கம்ப்யூட்டரில்தான். பிரதி எடுத்துப் போகவேண்டிய அவசியம் இல்லை. மேலே சொன்ன தீபாவளிச் சங்கடம் இதில் நேராது. விண்டோஸின் ‘ஹோம்’ வகையில் இந்த வசதியைக் கொடுக்க முடியாது, ‘புரோ’ வகை வேண்டும். கடையில் கம்ப்யூட்டர் இரவிலும் ஓட வேண்டும், மின்தடைக்கு யுபிஎஸ் வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பை அப்படியே ஊரறியத் திறந்து வைப்பதும் ஆபத்து. திறந்த வாசலைத் தேடிக்கொண்டே அலைகிற கூட்டம் இருக்கிறது. விவரம் தெரிந்தவரை வைத்து விபிஎன் போட்டுப் பூட்டச் சொல்லுங்கள். இதற்கென்று செயலிகளும் இருக்கின்றன. ‘வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்தச் செயலியை ஏற்றுங்கள்’ என்று மோசடிக்காரர்கள் கேட்பதும் இதே மாதிரிச் செயலிகளைத்தான் என்பதால், நாமாக அமைத்துக்கொண்டது தவிர வேறு யார் சொன்னாலும் ஏற்றக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மணிக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

ஓடிபி யார் போனில்?

ஒரு விஷயம் மிச்சம். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் நுழைய எல்லாருக்கும் பாஸ்வேர்டோடு ஓடிபியும் கட்டாயம். பல கடைகளில் பதிவான போன் எண் கணக்கருடையது. அவர் வீட்டிலிருந்து வேலை செய்ய வசதி என்று அன்று கொடுத்தோம். அவர் நின்றுவிட்டால், அல்லது ஊருக்குப் போய் சிக்னல் இல்லையென்றால், லாரி லோடேற்றிக்கொண்டு வாசலில் நிற்கும், நம்மால் இ-வே பில் எடுக்க முடியாது. முதன்மைக் கணக்கில் முதலாளியின் எண்ணும் கடையின் ஈமெயிலும் இருக்கட்டும். கணக்கருக்கு அவர் எண்ணிலேயே தனியாக ஒரு துணைப் பயனர் கணக்கு ஏற்படுத்திக் கொடுக்க அந்தத் தளத்தில் வழி இருக்கிறது. அவர் வேலை தடைபடாது, போகிற அன்று அதை மட்டும் முடக்கிவிடலாம்.

தீபாவளிக்கு அவதிப்பட்ட அந்த மொத்த வியாபாரி இப்போது என்ன செய்கிறார் என்று விசாரித்தோம். கடை பெயர் ஒட்டிய லேப்டாப் ஒன்று வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு எடுத்துப் போகும் நாளில் கணக்கர் அதற்கென்று வைத்த நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார். மறுநாள் திரும்ப வைக்கும்போது இன்னொரு கையெழுத்து. பதிவெல்லாம் கடைக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துதான், லேப்டாப்பில் ஒரு பில்லும் தங்குவதில்லை. வாரத்துக்கு ஒரு பேக்கப் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் மாறி மாறி எடுக்கிறார்கள். ஒன்று கடையில், மற்றது முதலாளி வீட்டு பீரோவில். பென் டிரைவை மகன் பாட்டு ஏற்றி வண்டியில் போட்டுவிட்டானாம்.